வன்னி இலைக் கூலி

விருத்தாசலம் என்பது வடமொழி சூட்டிய பெயர். முதுகுன்றம் என்பது தமிழ் சூட்டிய பெயர். பழமலை என்று வழங்குவோரும் உண்டு. மூன்றுக்கும் பொருள் ஒன்றே: பழைய மலை! பெயரைப் பற்றிய வழக்கை இன்னொரு நாள் பேசுவோம். இன்று பேச வந்தது கூலியைப் பற்றி.

மணிமுத்தாற்றங்கரையில் ஓங்கி நிற்கும் கோயிலுக்கு ஒரு தலபுராணக் கதை உண்டு. விபசித்து என்றொரு முனிவர் திருப்பணி செய்தாராம். பணியாளர்க்குக் கொடுக்கக் கையில் காசில்லை. எனவே வன்னி மரத்து இலைகளை உருவி உருவிக் கொடுத்தாராம். வாங்கிச் சென்றவன் வழியில் கையை விரித்துப் பார்த்தால் இலை பொன்னாகி இருக்குமாம்! அதுவும் எப்படி? அவனவன் உழைத்த உழைப்பின் அளவுக்கு ஏற்பவாம்!

கதை கட்டியவரின் சாமர்த்தியத்தைப் பாருங்கள், தோழர்களே! இலை பொன்னானால் அது முனிவரின் அருள். இலை இலையாகவே இருந்துவிட்டால்? அது உழைப்பாளியின் குற்றம்! "நீ ஒழுங்காக உழைக்கவில்லை, ஆகவே பொன்னாகவில்லை" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடலாம். கொடுக்க வேண்டியவனுக்குக் கடனில்லை. கேட்க வேண்டியவனுக்கு வாயில்லை. இதைவிடச் சிக்கனமான சம்பளப் பட்டியலை எந்த முதலாளியும் இதுவரை எழுதியதில்லை!

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வருவோம். கண்டராதித்த சோழரின் துணைவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவி, 10ஆம் நூற்றாண்டில் செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றிக் கட்டினார். முதுகுன்றத்துக் கோயிலும் அவற்றுள் ஒன்று. அந்தக் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. உளி பிடித்த கை தமிழன் கை. அதன் பெருமை நமது பெருமை. நாம் கேட்பது வேறு. பாறையைப் பெயர்த்தவனும், சுமையை இழுத்தவனும், சாரத்தில் ஏறியவனும், கட்டி முடிந்தபின் அந்த வாயிலுக்குள் உரிமையோடு நுழைய முடிந்ததா? மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் அடியெடுத்து வைத்தது 1939இல். சென்னை மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். முதுகுன்றத்தில் கற்றளி எழுந்த நாளுக்கும் அந்தச் சட்டம் எழுந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு!

கொத்தனார் சுவர் எழுப்பும்போது தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பார். சுவர் சாய்ந்திருந்தால் குண்டு காட்டிக்கொடுத்துவிடும். பூச்சு வேலையைப் பார்த்து அது மயங்காது. கட்டுவிப்பவர் யார் என்று பார்த்து அஞ்சாது. கட்டடங்களை அளக்கப் பகுத்தறிவாளனுக்கும் ஒரு தூக்குக்குண்டு வேண்டும். அது மூன்று கேள்விகளால் ஆனது. கட்டியவனுக்குக் கிடைத்தது என்ன? உள்ளே நுழைபவன் யார்? திறப்பு விழா முடிந்த மறுநாள் அது செய்யும் வேலை என்ன?

இந்தக் குண்டை எடுத்துக்கொண்டு தலைநகருக்குப் போவோம். ஆள்வோரின் எண்ணங்கள் எல்லாம் கல்லும் கம்பியுமாக நிற்பது அங்கேதான்.

ஆர்க்காட்டு நவாப் 1768இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். 1855இல் வாரிசின்றி நவாப் மறைந்ததும் அந்த மாளிகை கும்பினியார் கைக்குப் போயிற்று. பின்னர் வந்த சிசம் என்னும் ஆங்கிலச் சிற்பி, இந்தியக் கவிகையையும் இசுலாமிய வளைவையும் ஐரோப்பிய அமைப்பையும் கலந்து கட்டினார். கடற்கரையில் 1879இல் முடிந்த பல்கலைக்கழகச் செனட் மண்டபம் அந்தக் கைவண்ணம். அழகில்லையா? அழகுதான். ஆனால் அந்த அழகுக்குள் ஓர் அரசியல் இருந்தது. நாட்டைப் பிடித்தவன் நாட்டின் உடையை உடுத்திக்கொண்டு, "நானே உங்கள் மன்னர்களின் வாரிசு" என்று கல்லால் சொன்ன சொல் அது!

விடுதலை வந்தது. 1959இல் அண்ணாசாலையில் 14 அடுக்கோடு ஆயுள் காப்பீட்டுக் கழகக் கட்டடம் நிமிர்ந்தது. கவிகை இல்லை, கலசம் இல்லை, கண்ணாடியும் கான்கிரீட்டும் மட்டுமே. உயரத்துக்கு ஆண்டவனின் உரிமைச் சீட்டு வேண்டியதில்லை என்பதை அண்ணாந்து பார்த்த மக்களுக்கு அது உணர்த்திற்று.

அடுத்து வந்தது வள்ளுவர் கோட்டம். கணபதி ஸ்தபதியின் திறத்தில், திருவாரூர்த் தேரின் வடிவில், 39 மீட்டர் உயரக் கல் தேர் எழுந்தது. 1330 குறளும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டன. கட்டத் தொடங்கிய ஆட்சி 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டில், குடியரசுத் தலைவர் ஆட்சியின்போது, கோட்டம் திறக்கப்பட்டது.

"கோயிலை எதிர்த்தவர்கள் கோயில் தேரைக் கட்டலாமா?" என்று அன்றே கேட்டனர்; இன்றும் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. விடையும் உண்டு: தேர் தச்சனுடையது, கொல்லனுடையது, சிற்பியினுடையது, அதில் ஏறி அமர்ந்தவர்தான் வேறு. அமர்ந்தவரை இறக்கிவிட்டு அறநூல் தந்தவனை ஏற்றினால், அது உழைத்தவன் தன் உடைமையை மீட்ட செயல். இந்த விடையில் வலு இருக்கிறது. ஆயினும் விடை முழுமையானதன்று. மரத்தில் பிறந்த வடிவத்தைக் கல்லில் வார்த்தால், அது ஓடாத தேராக அன்றோ நிற்கும்? பழைய வடிவத்துக்குள் புதிய பொருளை வைத்தோம்; புதிய பொருளுக்கெனப் புதிய வடிவத்தைத் தேடினோமா? இதை நம்மை நாமே கேட்டுக்கொள்வதில் வெட்கமில்லை. பிறரை மட்டும் கேள்வி கேட்பது பகுத்தறிவும் அன்று.

இனி, நம் காலத்துப் பெருவழக்குக்கு வருவோம். சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்கும் புது இடம் எது? 2003இல் அன்றைய அரசு, ராணி மேரி கல்லூரி இருந்த இடத்தைத் தேர்ந்தது. 1914இல் பெண்களுக்கெனத் தொடங்கிய கல்லூரி அது. மாணவியர் வளாகத்தை விட்டு அகல மறுத்துப் போராடினர்; திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த அரசு ஓமந்தூரார் தோட்டத்தைத் தேர்ந்தது. செருமானியக் கட்டடக் கலைஞர்கள் வரைந்தனர். 2008இல் அடிக்கல், 2010 மார்ச் 13இல் திறப்பு விழா. விழா நாள் வந்தது; குவிமாடம் வந்துசேரவில்லை! திரைப்படக் கலை இயக்குநர் தோட்டாதரணியைக் கொண்டு தற்காலிகக் குவிமாடம் ஒன்றை அமைத்து விழாவை நடத்தினர். மக்களாட்சியின் மாளிகைக்குத் திரைப்பட அரங்கின் கூரை! அவசரம் யாருடையது? மக்களுடையதா, நாட்காட்டியினுடையதா?

2011இல் ஆட்சி மாறியது. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. வெள்ளையன் கட்டிய கோட்டை ஏற்புடையதாயிற்று. நேற்றுக் கட்டிய மாளிகை தீண்டத்தகாததாயிற்று! மாளிகை 2014இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அதை அழகென்றவர் எல்லாரும் ஒரு கட்சி. அழகில்லை என்றவர் எல்லாரும் இன்னொரு கட்சி. காற்று வருகிறதா, வெளிச்சம் வருகிறதா, வெயிலைத் தாங்குமா என்று கேட்டவர் குரல் கட்சிக் கூச்சலில் கரைந்தது.

ஆனால் தூக்குக்குண்டைப் பிடித்துப் பாருங்கள். சட்டமன்றத்தின் வாயிலில் அனுமதிச் சீட்டில்லாதவன் நிறுத்தப்படுவான். மருத்துவமனை வாயிலிலோ நோயே அனுமதிச் சீட்டு. பெருந்தொற்றுக் காலத்தில் அந்தச் சுவர்களுக்குள் மக்கள் உயிர் பிழைத்தனர். பகையால் நேர்ந்த மாற்றம் பயனால் நியாயம் பெற்றது. 2021இல் மீண்டும் ஆட்சி மாறியபோது அது மருத்துவமனையாகவே நீடித்தது. பகைக்குப் பதில் பகை வைக்காத அந்த முடிவு, அதே அரசு எழுப்பும் எந்த மாளிகையையும்விட உயர்ந்த கட்டுமானம்!

அரசியல் கட்டடக்கலை என்றால் மாளிகை மட்டுமா? இல்லை. தெருவும் கட்டடக்கலைதான். அக்கிரகாரம் ஒரு வரைபடம். ஊர் ஒரு வரைபடம். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட சேரி ஒரு வரைபடம். அந்த வரைபடத்தை மாற்றி வரைய முயன்றது 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம். 100 வீடுகள், அவற்றுள் 40 தாழ்த்தப்பட்டோர்க்கு, 25 பிற்படுத்தப்பட்டோர்க்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு, 10 ஏனையோர்க்கு. அடுத்தடுத்த சுவர், ஒரே தெரு, ஒரே சுடுகாடு! அந்த வீடுகளில் சிற்பமில்லை, கோபுரமில்லை. கட்டடக்கலை ஏடுகள் அவற்றைப் படம் பிடிக்க ஓடி வரவில்லை. ஆயினும் தமிழன் வரைந்த மிகத் துணிவான வரைபடம் எது என்று கேட்டால், நான் அதையே காட்டுவேன்.

அழகைப் பற்றி வாதிடும் நகரம், உறுதியைப் பற்றியும் வாதிட வேண்டும். 2014 ஜூன் 28. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழை நாளில் சரிந்தது. மாண்டவர் 61 பேர். பிழைப்புத் தேடி வெளியூர்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்களே பெரும்பாலோர். அவர்கள் கையில் பொன்னாக மாற வேண்டிய இலை என்னவாயிற்று? கட்டுமானத் தொழிலாளர்க்கு 1994இல் தமிழ்நாட்டில் நலவாரியம் வந்தது. 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டுமானச் செலவில் குறைந்தது 1 விழுக்காட்டைத் தொழிலாளர் நலத்துக்கெனத் தீர்வையாக வாங்கச் சொன்னது. புராணம் இலையைக் கொடுத்தது. சட்டம் உரிமையைக் கொடுத்தது. உரிமை கைக்கு வந்துசேர்கிறதா என்று காவலிருப்பது நம் கடமை.

மீண்டும் முதுகுன்றத்துக்கு வாருங்கள். கோயிலைத் தாண்டினால் சூளைகளின் ஊர் அது. நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண் இங்கே பீங்கானாகிறது. மின்கம்பிக்கான பீங்கான் கட்டைகள், அகல் விளக்குகள், பொம்மைகள் எல்லாம் வேகின்றன. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் பயிலகமும் இங்கே உண்டு. சாக்கடைக்கான ஸ்டோன்வேர் குழாயும் இவ்வூரின் சரக்கு. களிமண் குழாயைச் சூளையில் ஏறத்தாழ 1200 பாகை வெப்பத்தில் சுட்டு, உப்பை எறிவார்கள். உப்பின் ஆவி மண்ணிலுள்ள மணற்சத்தோடு கூடிக் கண்ணாடிப் பூச்சாகப் படியும். சாக்கடை ஆவி சிமெண்டை அரிக்கும். இந்தக் குழாயை எளிதில் அரிக்காது.

எந்த மாளிகையின் உயிரும் இந்தக் குழாயில்தான் இருக்கிறது. குவிமாடம் இல்லாமல் ஒரு கட்டடம் ஆயிரம் நாள் நிற்கும். குழாய் அடைத்தால் ஒரு நாள் தாங்காது! ஆயினும் குழாய்க்கு ரிப்பன் வெட்டியவர் உண்டா? குழாய் அடைத்தால் இறங்குபவன் யார் என்று கேட்டவர் உண்டா? மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம். 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் மாண்டவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் என்றது உச்சநீதிமன்றம் 2014இல். 30 இலட்சம் என்றது 2023இல். தொகை உயர்ந்தது. தொகையே தேவைப்படாத நாளன்றோ வர வேண்டும்?

இளைஞர்களே! அடுத்த மாளிகை எழும்போது ஏடுகள் கூரையைப் பற்றி எழுதும். கட்சிகள் கல்வெட்டிலுள்ள பெயரைப் பற்றிப் பேசும். நீங்கள் தூக்குக்குண்டோடு செல்லுங்கள். சித்தாளிடம் கூலியைக் கேளுங்கள். வாயிற்காவலரிடம் யாரை விடுவீர் என்று கேளுங்கள். பொறியாளரிடம், குழாய்க்குள் மனிதன் இறங்க வேண்டாத ஏற்பாடு எங்கே என்று கேளுங்கள்.

இலை பொன்னாகாது. பொன்னாக்குவது உழைப்பு. அந்தப் பொன்னை உழைத்தவன் கையில் வைக்கும் கட்டடம் எதுவோ, அதுவே அழகிய கட்டடம்!