சுவரை உரிக்கும் முன்

சமயநல்லூருக்கும் வால்பேப்பர் வந்துவிட்டது. ஹாலில் டி.வி.க்குப் பின்னால் ஒரு சுவர் முழுக்கச் செங்கல் அடுக்கினாற்போல் ஒன்று, பிள்ளைகள் அறையில் பொம்மை போட்டது ஒன்று என்று புது வீடுகளில் பார்க்கிறோம். பழைய வீடுகளிலும் ஒட்டுகிறார்கள். ஒட்டி ஏழெட்டு வருஷம் ஆனவர்கள் இப்போது அதை உரிக்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள். ஒட்டியதற்குச் சரித்திரம் இருப்பதுபோல உரிப்பதற்கும் ஒன்று உண்டு. அது பாரிஸில் தொடங்கினாலும் நம் காஞ்சிபுரம், தஞ்சாவூர் வரை வருகிறது.

பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு 'பப்பியே பேன்' என்றால், அதாவது வண்ணம் தீட்டிய காகிதம் என்றால், உடனே நினைவுக்கு வருகிறவர் ரெவெய்யோன். பாரிஸின் கிழக்கே புனித அந்துவான் புறநகரில் சுவர்க் காகிதத் தொழிற்சாலை நடத்தியவர். பிரபுக்கள் வீட்டில் பட்டுத் திரையும் சித்திரக் கம்பளமும் தொங்கும். அந்த வசதி இல்லாதவர்களுக்கு அதே அழகைக் காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தார். 1783இல் வெர்சாய் அரண்மனை முன்னால் ஓர் ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் ஏற்றிப் பறந்த மோன்கோல்பியே சகோதரர்களின் பலூன் அவருடைய பட்டறையில்தான் தயாரானது. 1789 ஏப்ரலில், அவர் கூலியைக் குறைக்கச் சொன்னார் என்ற செய்தி பரவி, கூட்டம் தொழிற்சாலையைச் சூறையாடியது. படை சுட்டதில் பலர் இறந்தார்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் பாஸ்தீய் சிறை விழுந்தது.

அப்படிப்பட்ட காகிதம் நம் ஊரில் ஏன் அந்தக் காலத்திலேயே பரவவில்லை? மாவுப் பசை போட்டு ஒட்டிய காகிதம் கரையானுக்கு விருந்து. மழைக்காலத்தில் ஓதம் ஏறினால் தானாகவே கழன்றுவிடும். அதற்கு அவசியமும் இருக்கவில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினால் சுவர் பளிங்குபோல மின்னும். சென்னைக்கு வந்த ஆங்கிலேயர்கள் இந்த 'மெட்ராஸ் சுண்ண'த்தைப் பார்த்து வியந்து எழுதினார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அதைத் தொட்டுப் பார்க்கலாம். நம் திருமலை நாயக்கர் மஹாலின் தூண்களிலும் அந்தக் கைவேலைதான்.

மற்ற வீடுகளில் பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பு. வாளியில் சுண்ணாம்பு கொதிக்கும் சத்தமும் அந்த வாசனையும் நம் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் நீலம் கலந்தால் வெண்மை தூக்கலாக இருக்கும். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே அடிப்பார்கள். நாற்பது பொங்கல் கண்ட சுவரில் நாற்பது பூச்சு இருக்கும். கோயில்களிலும் இதே கதைதான். திருப்பணி வந்தால் சுவருக்கும் தூணுக்கும் சிற்பத்துக்கும் ஒரே சுண்ணாம்பு. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதற்குள் என்ன இருந்தது என்பதே சில தலைமுறைகளில் மறந்துபோயிற்று.

1931ஆம் ஆண்டு அந்த மறதி இரண்டு இடங்களில் கலைந்தது.

முதலாவது காஞ்சிபுரம். புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ரேய், தமிழ்நாட்டுக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதியவர். கைலாசநாதர் கோயில் பிராகாரத்தைச் சுற்றியுள்ள சிறு சிறு அறைகளில், பிற்காலப் பூச்சுக்குக் கீழே வண்ணம் இருப்பதை அவர் கண்டார். மெதுவாக மேல்பூச்சு விலக, பல்லவர் கால ஓவியத்தின் துண்டுகள் வெளிவந்தன. கி.பி. எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்மன் கட்டிய கோயில் அது. ஆயிரத்திருநூறு வருஷத்து வண்ணத்தை யாரோ பூசிய சுண்ணாம்பு மூடியிருந்தது.

இரண்டாவது தஞ்சாவூர். பெரிய கோயில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகலான இருட்டுச் சுற்றுப்பாதை இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு அதற்குள் போனார். சுவரில் தெரிந்தவை நாயக்கர் காலத்து ஓவியங்கள். சில இடங்களில் அவை காரையோடு உதிர்ந்திருந்தன. உதிர்ந்த இடத்தில் வேறு கோடுகள், வேறு முகங்கள். ராஜராஜன் காலத்துச் சோழ ஓவியம்! சுந்தரர் வெள்ளை யானை மேல் கயிலைக்குப் போக, சேரமான் பெருமாள் குதிரையில் கூடவே போகிறார். தில்லைக் கூத்தன், திரிபுரம் எரித்தவர் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

ஆயிரம் வருஷம் அவை எப்படித் தாங்கின? சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியல் அறிஞராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் இதை ஆராய்ந்தார். ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காயுமுன் தீட்டிய ஓவியங்கள் அவை. சுண்ணாம்பு காயும்போது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. வண்ணமும் அந்தக் கல்லுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஒட்டிய வண்ணம் உரியும். ஊறிய வண்ணம் சுவரோடுதான் போகும்.

ஆனால் கண்டுபிடித்தபின் ஒரு தர்மசங்கடம் வந்தது. கீழே சோழர், மேலே நாயக்கர். சோழ ஓவியத்தைப் பார்க்க வேண்டுமானால் நாயக்கர் ஓவியத்தை எடுக்க வேண்டும். அதுவும் சுமார் முந்நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சொத்து. பழையது உயர்ந்தது என்று சொல்லி இதைச் சுரண்டிப் போட யாருக்கு உரிமை? தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் இரண்டையும் காப்பாற்ற வழி செய்தார்கள். மேல் ஓவியத்தைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் பதித்தார்கள். அப்படி எடுத்த நாயக்கர் ஓவியங்கள் கோயிலிலேயே தனியாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. உரிப்பது என்றால் இப்படி உரிக்க வேண்டும்.

அதே 1931இல் இஸ்தான்புல் நகரத்தின் ஹாகியா சோபியாவிலும் இதே வேலை தொடங்கியது. தேவாலயம் மசூதியானபின் பூச்சுக்குள் மறைந்த பொன் நிறச் சில்லு ஓவியங்களை, அத்தாதுர்க் அரசின் அனுமதியோடு தாமஸ் விட்டிமோர் என்ற அமெரிக்கர் வெளிக்கொணர ஆரம்பித்தார். மூடியவர்கள் அழிக்காமல் மூடியதால்தான் அவ்வளவாவது கிடைத்தது.

எல்லா இடத்திலும் இந்தப் பொறுமை இல்லை. நம் கோயில்கள் சிலவற்றில், தூண்களில் ஏறிய சுண்ணாம்பை நீக்குகிறோம் என்று எந்திரம் வைத்து மணலை வேகமாக வீசி அடித்தார்கள். சுண்ணாம்பு போனது. கூடவே கல்வெட்டு எழுத்தும், சிற்பத்தின் நகமும் நகையும் மழுங்கின. அறிஞர்கள் எதிர்ப்புக் குரல் கொடுத்தபிறகுதான் அதற்குத் தடை வந்தது. மதுரையிலும் இழப்பு உண்டு. மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றிய சுவர்களில் திருவிளையாடல் ஓவியங்கள் இருந்தன. அந்தப் பழைய சித்திரங்களில் மிஞ்சியது கொஞ்சமே.

இது அரசரும் கோயிலும் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் அல்ல. எங்கள் தெருவில் ஒரு பழைய காரை வீட்டில் போன கோடையில் வால்பேப்பரை உரித்தார்கள். பிளாஸ்டிக் காகிதத்துக்குள் ஓதம் நின்று சுவர் பொருமியிருந்தது. பெயிண்டர் தகடு போட்டு இழுக்க, பச்சை, மஞ்சள், நீலம் கலந்த வெள்ளை என்று வரிசையாகப் பூச்சுகள் பெயர்ந்தன. அடுப்படிப் பக்கம் கரித்துண்டால் போட்ட கோடுகள் தெரிந்தன. நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. அந்த வீட்டு அம்மா ஓடி வந்து, "தம்பி, நிறுத்துங்க! அது எங்க அப்பத்தா போட்ட பால் கணக்கு!" என்றார். அதற்குள் பாதி போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அப்பத்தா இந்த உலகத்தில் தன் கையால் விட்டுச்சென்ற ஒரே பதிவு அதுதான். மீதியைப் பேரன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டான். மறுநாள் அதன்மேல் பட்டி பூசிவிட்டார்கள். குடியிருக்கும் வீடு; வேறென்ன செய்வது?

ஆகவே பழைய வீட்டில் கை வைக்கிறவர்களுக்கு அனுபவத்தில் சொல்கிறேன். காகிதம் ஒட்டியிருந்தால் வெந்நீரில் நனைத்து அரை மணி ஊறவிடுங்கள். அவசரப்பட்டுக் கிழித்தால் காரையும் சேர்ந்து வரும். பிளாஸ்டிக் மேல்தாள் என்றால் அதை முதலில் உரித்துவிட்டு, அடியில் இருக்கும் காகிதத்தை நனையுங்கள். சுவர் முழுதையும் ஒரே மூச்சில் சுரண்டாமல், ஒரு மூலையில் உள்ளங்கை அளவு மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். எத்தனை பூச்சு, என்ன நிறம், எழுத்தோ கோடோ உண்டா என்று கவனியுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள். சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் சுவர். அதன்மேல் மறுபடி பிளாஸ்டிக் ஒட்டாதீர்கள். சுண்ணாம்பே அடித்தால் சுவருக்கும் நல்லது, செலவும் குறைவு.

மூடி வைத்தது ஒருநாள் கிடைக்கலாம். சுரண்டிக் குப்பையில் கொட்டியது கிடைக்காது. பெயிண்டரிடம் தகட்டைக் கொடுக்கும் முன் ஒரு அரை மணி நேரம் நீங்களே சுவர் முன்னால் நின்று பாருங்கள்.