வேலையில்லா நாளின் வரலாறு

கெகல்கமு ஓயா பாயும் பள்ளத்தாக்கிலே அமைந்தது பொகவந்தலாவை. தேயிலையின் பொற்பள்ளத்தாக்கு என்று வணிகர் இதனைப் புகழ்வர். பசுமை மாறாத இம்மலைகளைக் காண்போர்க்கு, இங்கே ஆண்டு முழுவதும் வேலை குறைவின்றி நடப்பதாகவே தோன்றும். ஆயினும், இம்மலைகளில் உழைத்தோரின் வாழ்வை ஆராயுமிடத்து, ஒரு வினா தலைமுறைதோறும் எழக் காணலாம். வேலையுள்ள நாளுக்குக் கூலி உண்டு. வேலையில்லா நாளுக்குப் பொறுப்பாளி யார் என்பதே அவ்வினா.

தேயிலைக்கு முன்னர் மலைநாட்டை ஆண்டது கோப்பி. கோப்பிப் பழம் பறிக்குங் காலம் சில மாதங்களே. அம்மாதங்களுக்கென்று தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வழியாக நடந்து வந்தனர். பறிப்பு முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாய்மொழி ஒப்பந்தம் மாத ஒப்பந்தமாகவே கருதப்பட்டது. ஒப்பந்தம் மாதத்துக்கு ஒன்றாயினும், சம்பளம் மாதந்தோறும் கைக்கு வந்ததில்லை. மாதம் முடிந்து அறுபது நாளுக்குள் சம்பளம் கொடுத்தல் வேண்டும் என்று 1889இல் சட்டஞ் செய்ய நேர்ந்ததொன்றே, அதற்கு முன்னிருந்த நிலையைக் காட்டப் போதுமானது.

வருமானமில்லாத இவ்விடைவெளியை நிரப்பியவர் பெரிய கங்காணி. அவர் தோட்டத்துரையிடம் முற்பணம் பெற்று ஆள் திரட்டினார், வழிச்செலவு கொடுத்தார், அரிசிக்கும் துணிக்கும் கடன் கொடுத்தார். அவரும் நிலையான சம்பளக்காரர் அல்லர். பெரட்டுக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு இவ்வளவு என்று கிடைத்த தலைக்காசே அவருடைய வரும்படியின் முக்கிய பகுதி. ஆள் நோயுற்றால் அவருக்கும் நட்டம். அந்நட்டம் ஈற்றில் ஏறியது தொழிலாளியின் கணக்கிலேதான். பசி நாளைக் கடக்க வாங்கிய கடன், காலைக் கட்டும் விலங்காயிற்று. கடனைத் தீர்த்தால் ஆளை விடுவிப்போம் என்று எழுதிக் கொடுக்கும் 'துண்டு' ஒன்றினால், குடும்பங்கள் தோட்டம் விட்டுத் தோட்டம் கைமாறின.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. ஆதலின் மக்களும் லயங்களில் நிலைத்துக் குடியேறினர். எனினும் கோடையிலும் கடும் மழையிலும் கொழுந்து குறைந்தது. கொழுந்து குறைந்தபோது 'பேர்' அரைப் பேராயிற்று.

துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தது. அதன்படி மலைநாட்டின் உயர்பகுதியில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்கூலியாயின. ஆனால் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் கூலி குறைக்கப்பட்டது. 1933இல் தேயிலை உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் சர்வதேச உடன்படிக்கையும் ஏற்பட்டது. பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். அக்காலத்திலேதான் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவிக் கூலிக்குறைப்பை எதிர்த்துக் குரல் எழுப்பினார். 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைச் சட்டமும், தொழிற்சங்கங்களின் போராட்டமும், 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கிடைத்தமையும் அவ்வழியில் வந்த படிகளே.

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றபின், கூட்டு ஒப்பந்தங்களே கூலியை நிர்ணயித்தன. 2021இல் சம்பளச் சபை நாட்கூலியை 1,000 ரூபாவாக்கியது. கம்பெனிகள் கூட்டு ஒப்பந்தத்தினின்றும் விலகின. கூலி உயர்ந்தது, ஆனால் வேலை நாள் குறைந்தது என்ற முறையீடு தோட்டங்கள் பலவற்றில் எழுந்தது. நாட்கூலி எவ்வளவு உயரினும், நாள் கிடையாவிடின் அதனாற் பயன் என்ன?

இப்பொழுது மற்றொரு முறை பரவி வருகின்றது. குறித்த அளவு தேயிலைச் செடிகளைக் குடும்பம் ஒன்றிடம் ஒப்படைத்து, பறித்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பணம் கொடுப்பது அது. உரச் செலவு முதலியன கழிக்கப்படும். தன் நேரத்துக்குத் தானே எசமான் என்ற பெருமையும், ஊக்கமுள்ள குடும்பத்துக்கு மிகுதியான வரும்படியும் இதில் உண்டு என்பதை மறுத்தலாகாது. ஆயினும் தொழிலாளி என்ற பெயர் நீங்கிக் கொந்தரப்புக்காரர் என்ற பெயர் வரும்போது, ஊழியர் சேமலாப நிதியும் பிரசவகாலச் சம்பளமும் உடன் நீங்கக்கூடும். கோடையில் கொழுந்து குன்றினால், அக்குறைவைத் தாங்க வேண்டியது குடும்பமே.

முற்காலத்தில் அவ்வெற்று நாளைக் கடனால் நிரப்பினர். அது அடிமைத்தனமாய் முடிந்தது. பிற்காலத்தில் சட்டத்தாலும் சங்கத்தாலும் ஓரளவு நிரப்பினர். புதிய உடன்படிக்கையிற் கையெழுத்திடும் குடும்பம், கிலோவுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு அமையாமல், கொழுந்தில்லா மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவுக்கு எழுத்தில் விடை இருத்தல் அவசியம். விடையில்லாத இடத்திலே பழைய கடன் புதிய பெயரோடு வந்து புகும் என்பதே இம்மலைகளின் வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.