விளக்கின் கதை படித்த வகுப்பு

நியூயார்க், மன்ஹாட்டன். 1936இல் ஸ்பேயர் பள்ளியில் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு 7 வகுப்புகளும், அதே கட்டடத்தில் அதிவேகமாகக் கற்பவர்களுக்கு 2 வகுப்புகளும் தொடங்கின. முன்நின்றவர் உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த்.

வேகமாகக் கற்பவர்கள்மீது மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே திணிப்பதில் அவருக்கு நாட்டமில்லை. உணவு, உடை, வீடு, கடிகாரம் என அன்றாடப் பொருள்கள் வளர்ந்த கதையே பாடமானது. விளக்கை எடுத்துக்கொள்வோம்: தலைக்கு மேல் எரியும் மின்விளக்குக்கு முன்னால் என்ன இருந்தது? அதற்கும் முன்னால்? இப்படிப் பின்னோக்கிப் போனால் தீப்பந்தம்வரை வரலாறும் அறிவியலும் சேர்ந்தே வரும். பிரெஞ்சு மொழியும் வாழ்க்கை வரலாறுகளும் உண்டு.

அறிவு எவ்வளவு முந்தினாலும் மனசு குழந்தை மனசுதான் என்று உணர்ந்திருந்தார் ஹாலிங்வொர்த். தங்கள் வேகத்துக்கு வராதவர்களிடம் அந்தப் பிள்ளைகள் பொறுமையாகப் பழகுவதையும் கல்வியாகவே கருதினார். அவரிடம் மிகவும் போற்றத்தக்கது இதுதான்.

1939இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. வகுப்புகள் 1941வரை நடந்தன.