பாலாற்றங்கரைச் சிவாலயங்களும் கல்லெழுத்துக்களும்

தொண்டை நன்னாட்டின் மேற்பகுதியில் ஆம்பூர் தொடங்கி வேலூர் வழியாகத் திருவல்லம், மேல்பாடி வரையுள்ள நிலப்பகுதி இக்காலத்தில் தோல் பதனிடுந் தொழிலாற் பெயர்பெற்றது. பல்லவர், வாணர், சோழர், விசயநகர வேந்தர் ஆகியோர் காலத்துச் சிவாலயங்களும் கல்லெழுத்துக்களும் அந்நிலத்திலேயே பரந்து கிடக்கின்றன. நெடுஞ்சாலையில் விரைந்து செல்வோர்க்கு அவை புலனாவதில்லை. மிதிவண்டியிற் செல்வோனோ ஏரிக்கரையிலும் ஊர்ப்புறத்திலும் வேண்டுமிடத்து இறங்கி நின்று பார்க்கவல்லவன். இரண்டு நாளளவில் இவ்வழி முழுவதையும் அவன் அமைதியாகக் கண்டுவிடலாம். ஆலயம் எங்ஙனம் நலிகின்றது, எங்ஙனம் மீள்கின்றது என்னும் இரண்டனையும் இவ்வழியே அவனுக்குக் கற்பிக்கும்.

முதற்கண் ஆம்பூர். இவ்வூர் பழஞ் சாசனங்களில் ஆமையூர் எனப் பெயர்பெறும். நிருபதுங்கவர்ம பல்லவனது 26-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நடுகற்கள் இங்குக் கிடைத்தன. நுளம்பன் படை ஆனிரை கவர வந்தபோது எதிர்த்துப் பொருது மாண்ட வீரரை அவை குறிக்கின்றன. மாடமும் கோபுரமும் இல்லாத ஒரு தனிக் கல், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு பூசலை இன்றும் அறிவிக்கின்றது. எழுத்து உளதாயின் சிறு கல்லும் வரலாறாம்.

கிழக்கே செல்லின், வேலூருக்கு இப்பால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில் விரிஞ்சிபுரம் உளது. ஈண்டு எழுந்தருளியுள்ள பெருமானுக்கு வழித்துணைநாதர் என்பது திருநாமம். வழிச்செல்வோர்க்கு இதனினும் இனிய பெயர் வேறில்லை. இத்திருக்கோயிலில் 1425-ஆம் ஆண்டுச் சாசனமொன்று உண்டு. படைவீட்டு இராச்சியத்துக் கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாடர் ஆகிய அந்தணர் ஒருங்குகூடி, பெண்ணுக்குப் பொன் பெற்று மணஞ்செய்து கொடுத்தல் ஆகாது, கன்னிகாதானமாகவே கொடுத்தல் வேண்டும் என உறுதி செய்தனர். மீறுவோர் அரச தண்டத்துக்கு உரியர் என்றும், குலத்தினின்று நீங்குவர் என்றும் விதித்தனர். ஒரு சமுதாயம் தனக்குத் தானே இட்டுக்கொண்ட கட்டளையைப் பாதுகாக்கும் ஏடாகச் சிவாலயம் விளங்கிற்று என்பது இதனாற் பெறப்படும்.

வேலூர்க் கோட்டையினுள் உள்ள சலகண்டேசுவரர் ஆலயம் 16-ஆம் நூற்றாண்டினது. அதன் கல்யாண மண்டபச் சிற்பங்கள் காண்போர் வியக்கும் பெற்றியன. கோட்டை பல படைகளின் கைம்மாறிய காலத்தில் ஆலயத்தில் வழிபாடு ஒழிந்தது. மண்டபங்கள் இருந்தன, மூலத்தானம் வெறுமையாயிற்று. 1921-ஆம் ஆண்டு முதல் கோட்டை தொல்பொருள் துறையின் காப்பில் வந்தபோதும் அவ்வெறுமை நீங்கவில்லை. சத்துவாச்சாரியில் வைத்துக் காக்கப்பட்டிருந்த சிவலிங்கத் திருமேனி 1981-ஆம் ஆண்டு மார்ச்சு 16-ஆம் நாள் மீண்டும் இங்கு எழுந்தருளுவிக்கப்பட்டது. கட்டடம் குறைவின்றி நிற்கவும் கோயில் பாழாகலாம் என்பதற்கும், பாழான கோயில் உயிர்பெறலாம் என்பதற்கும் இவ்வாலயம் ஒன்றே சான்றாம்.

பாலாற்றைக் கடந்து கிழக்கே சென்றால், நிவா எனப்படும் பொன்னையாற்றின் அருகில் திருவல்லம் உளது. திருஞானசம்பந்த சுவாமிகளது பதிகம் பெற்ற இத்தலம் வாணர் ஆட்சியிற் சிறந்து விளங்கியது. சாசனங்கள் இதனைத் தீக்காலிவல்லம் என வழங்கும். முதல் இராசராசனது 7-ஆம் ஆட்சியாண்டுக் கல்லெழுத்து, ஐப்பசி விசுவன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் குறிக்கின்றது. கணிதவறிஞர் அதனை 991-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் எனக் கண்டனர். அம்மன்னன் 985-இல் அரியணை ஏறினான் என்னும் முடிபுக்கு இக்கல்லும் ஒரு துணையாயிற்று.

இதனினும் அரிய செய்தியொன்று இங்குண்டு. அவ்வரசன் காலத்து மதுராந்தகன் கண்டராதித்தர் இத்தலத்துக்கு வந்து இறைவர்க்கு ஆயிரங்குட நீராட்டுச் செய்வித்தார். அப்போது திருவமுதரிசி இருநாழியாகக் குறைந்திருத்தலையும், நந்தாவிளக்குகள் பேணப்படாமையையும் கண்டார். கண்டவர் வாளா போகவில்லை. கோயிற் பொறுப்பினரையும் ஊராரையும் அழைத்து, தேவதானத்தின் வரவும் செலவும் யாவை என வினவினார். சோழப் பேரரசின் செழுமை மிக்க காலத்திலேயே விளக்கு மங்கியது. கேட்பார் ஒருவர் வந்தமையால் கணக்கு வெளிப்பட்டது. நலிவு சுவரில் தொடங்குவதன்று, அமுதுபடியிலும் விளக்கெண்ணெயிலும் தொடங்குவது என்பதை இக்கல்லினும் தெளிவாக உரைப்பது பிறிதில்லை.

திருவல்லத்தினின்று ஆற்றையொட்டி வடக்கே சென்றால் மேல்பாடியை அடையலாம். இராட்டிரகூட மன்னன் மூன்றாங் கிருட்டிணன் 949-இல் தக்கோலப் போரில் சோழரை வென்றான். 959-இல் அவன் பாசறை இருந்த இடம் இவ்வூரே என வரலாற்றறிஞர் கருதுவர். இராசராசன் இதற்கு இராசாச்சிரயபுரம் எனப் பெயரிட்டு, ஆற்றூர்த் துஞ்சின தேவராகிய தன் பாட்டன் அரிஞ்சயனது நினைவாக அரிஞ்சிகை ஈசுவரத்தை எடுப்பித்தான். பகைவன் பாசறை இருந்த ஊரில் வென்றோர்க்குரிய தூண் ஒன்றை நாட்டாது, முன்னோர் பேரால் ஒரு சிவாலயத்தை அமைத்தமை அவ்வேந்தனது உள்ளத்தைக் காட்டும்.

மேல்பாடி, திருவல்லம் ஆகிய இவ்விரண்டு ஊர்ச் சாசனங்களும் ஊல்ச்சு என்னும் ஜெர்மானிய அறிஞரால் தென்னிந்தியக் கல்வெட்டுக்கள் மூன்றாந் தொகுதியின் முதற்பகுதியில் 1899-இல் வெளியிடப்பெற்றன. அச்சேறியவை எஞ்சும். அச்சேறாத கல்லைத் திருப்பணியின்போது மணல் வீசித் தேய்த்தாலும், இடம் மாற்றி வைத்துப் பூசினாலும், அதன் எழுத்து மீளாது. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் ஆலயத்தை இறைவனாகவே கருதி வழிபடும் நெறியைக் கூறும். அந்நெறி நிற்போர்க்குக் கோயிற் சுவரின் எழுத்தைக் காத்தலும் வழிபாட்டின் பாற்பட்டதே.

ஆகவே மிதிவண்டியில் இத்தலங்களை நாடும் அன்பர் சுண்ணாம்பு தீட்டியோ எண்ணெய் பூசியோ எழுத்தைத் தெளிவிக்க முயலாது, உள்ளவாறே படமெடுத்துக்கொள்ளுதல் தகும். பெயர்ந்து கிடக்கும் கல்லைக் கண்டால் ஊராருக்கும் தொல்பொருள் துறையினருக்கும் அறிவித்தல் வேண்டும். விளக்கெரியாத சந்நிதியைக் கண்டால், அது எரியாமைக்குக் காரணம் யாதென ஒருமுறை கேட்டுச் செல்லுதல் வேண்டும். திருவல்லத்தில் கண்டராதித்தர் செய்தது அதுவே.