நிறுத்தும் கருவியின் வரலாறு

நமது தோட்டப்புறங்களிலும் பட்டணத்துச் சந்துகளிலும் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த மோட்டார் சைக்கிள்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எஞ்சினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவோர் பலர். பிரேக்கைப் பற்றி வினவினாலோ, "கடைக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று கூறி அமைவர். செம்மண் சரிவில், மழை நாளில், பின்னால் மனைவியையோ குழந்தையையோ ஏற்றி இறங்கும் ஒருவனது உயிர் எஞ்சினில் இல்லை; சக்கரத்தின் நடுவே கண்ணுக்குத் தெரியாது கிடக்கும் இரண்டு பிறைத் துண்டுகளில் இருக்கின்றது. அவற்றைத் தாமே செப்பனிடக் கற்க விழையும் இளைஞர்க்கு அக்கருவியின் வரலாறும் ஒரு ஸ்பேனராகப் பயன்படும் என்பது நமது எண்ணம். எப்பகுதி எக்குறையை நீக்க வந்தது என்று அறிந்தவன், அது எங்கே கெடும் என்பதையும் எளிதில் அறிவான்.

1885-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கான்ஷ்டாட் என்னும் ஊரில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்தில் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிய வண்டியையே முதல் மோட்டார் சைக்கிள் எனப் பலரும் கொள்வர். அதன் முதல் வரைபடத்தில் நயமான ஏற்பாடொன்று காணப்பட்டது. கைப்பிடியை ஒரு பக்கம் முறுக்கினால் வார் இறுகி வண்டி ஓடும்; மறுபக்கம் முறுக்கினால் தடை விழும். ஓடுதலும் நிற்றலும் ஒரே பிடியின் இரு திருப்பங்கள்! கட்டி முடித்த வண்டியில் அவ்வேற்பாடு இடம்பெறாது போயிற்று.

அடுத்து வந்த வண்டிகள் பெரும்பாலும் கனத்த சைக்கிள்களே. சக்கர விளிம்பின்மேல் ஒரு கட்டையை அழுத்துவர். அல்லது பின்சக்கரத்தில் வார் ஓடும் பள்ளத்தினுள் ஆப்புப் போன்ற கட்டையை நெருக்குவர். வெயிலில் இவை ஒருவாறு பயன்பட்டன, மழையில் வழுக்கின. இக்காலத்திற் பிறந்து இன்றளவும் நிலைத்த பொருள் ஒன்று உண்டு. 1896-இல் எர்னஸ்ட் பௌடன் என்பார் உரிமை பெற்ற கம்பியே அது. முறுக்கிய எஃகுக் கம்பி சுருள் உறைக்குள் வளைந்து வளைந்து ஓடிக் கையின் இழுப்பைச் சக்கரத்திற்குக் கொண்டு சேர்க்கும். நாம் கேபிள் என்பது இதனையே. இதன் நோய்கள் இரண்டு: உறையின் வாயில் நீர் புகுந்து துருவேறல், நுனியில் இழை அறுதல். ஓரிழை அறுந்ததைக் கண்ட பின்னும் எஞ்சிய இழைகளை நம்பி ஓட்டுதல் பேதைமை.

1902-ஆம் ஆண்டைத் தடைக் கருவியின் தலையாய ஆண்டென்று கூறலாம். பிரான்சில் லூயி ரெனோ, வட்டப் பெட்டியின் உட்புறத்தே விரியும் டிரம் பிரேக்கை அமைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பிரடெரிக் லான்செஸ்டர், சுழலும் தட்டை இருபுறமும் கிள்ளிப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கிற்கு உரிமை பெற்றார். அவர் தட்டைப் பிடிக்கச் செம்பைப் பயன்படுத்தினார். அது விரைவில் தேய்ந்தது, பெருங்கூச்சலும் இட்டது. ஆதலால் புழுதிச் சாலைகளின் உலகம் மூடிய டிரம்மையே தேர்ந்துகொண்டது. திறந்த தட்டு மோட்டார் சைக்கிளில் தன் நாளைக் காண அறுபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தது.

டிரம்மைத் திறந்து பார்ப்போர் அதன் எளிமையைக் கண்டு வியப்பர். பிறை வடிவான இரண்டு ஷூக்கள், ஒரு முனையில் அவை தாங்கி நிற்கும் முளை, மறுமுனையில் தட்டையான ஒரு கேம், இரண்டையும் சேர்த்து இழுக்கும் ஸ்பிரிங்குகள், இவ்வளவே. கேம் திரும்ப, ஷூக்கள் விரிந்து டிரம்மின் உட்சுவரை உராயும். ஆயின் இரண்டும் ஒரே வலிமையுடன் உழைப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சி ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து மேலும் சுவரில் அழுத்தும். மற்றதைச் சுவரிலிருந்து தள்ளும். முன்னதற்கு நம் கைவலிமையோடு வண்டியின் ஓட்டமே துணையாகின்றது. இரண்டும் ஒரே அளவில் தேயாமைக்குக் காரணம் இதுவே. பழக்கமில்லாதார் இதனைக் கண்டு ஏதோ வளைந்துவிட்டதென ஐயுறுவர், ஐயம் வேண்டா.

ஷூவின்மேல் ஒட்டிய பட்டையின் கதை வேறு. இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் என்பார், மலைச்சரிவில் இறங்கும் குதிரைவண்டிக்காரர்கள் பழைய சப்பாத்துகளைத் தடைக்கட்டையில் கட்டியதைக் கண்டு உராய்வுப் பட்டைத் தொழிலில் இறங்கினார் என ஒரு கதை வழங்குகின்றது. 1897-இல் அவர் தொடங்கிய தொழிலே பெரோடோ என்னும் பெயரால் உலகெங்கும் பரவியது. பின்னர் இப்பட்டைகளில் கல்நார் புகுந்தது. அது வெப்பத்தைத் தாங்கும், எரியாது, விலையும் குறைவு. இதனினும் ஏற்ற பொருள் இல்லையென உற்பத்தியாளர் கொண்டாடினர்.

அக்கொண்டாட்டத்தின் விலையைக் கொடுத்தோர் தொழிலாளர். ராச்டேல் நகரின் கல்நார் ஆலையில் உழைத்த நெல்லி கெர்ஷா என்னும் பெண் 1924-இல் நுரையீரல் நைந்து இறந்தாள். அவளது நோயை ஆராய்ந்த வில்லியம் குக் என்னும் மருத்துவர் அதனை வெளியிட்டார். 1931-இல் பிரிட்டன் விதிகள் இயற்றியது. ஆயினும் அவை கல்நாரைப் பிரித்தும் நெய்தும் வந்த ஆலைகளை நோக்கியே எழுந்தன. தேய்ந்த பட்டையின் தூளை வாயால் ஊதி, காற்றுக்குழாயால் அடித்து, நாள்தோறும் உட்கொண்ட பட்டறைக்காரனை அவ்விதிகள் நினைக்கவில்லை. பிரிட்டன் எல்லாக் கல்நாரையும் விலக்கியது 1999-இல்தான். பழைய வண்டியிலும், கடையின் மூலையில் நெடுங்காலம் கிடந்த பெட்டியிலும் கல்நார்ப் பட்டை இன்னும் இருத்தல் கூடும். ஆகவே டிரம்மைத் திறந்தவுடன் ஊதற்க! காற்றடிக்கவும் வேண்டா. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி எறிக.

ஜப்பானில் 1958-இல் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்னும் சிறு வண்டியை வெளியிட்டது. உணவுத் தட்டை ஒரு கையில் ஏந்திச் செல்லும் ஏவலாளன் மறுகையால் ஓட்டவேண்டும் என்பது அதை வகுத்தோர் நோக்கங்களில் ஒன்று. ஆதலால் இடக்கைக்குக் கிளட்ச் வேலை இல்லை. முன்தடை வலக்கையிலும் பின்தடை வலக்காலிலும் அமைந்தன. இவ்வண்டி மலாயா முழுதும் பரவி, கப் என்பதுடன் சிறியது எனப் பொருள்படும் சீனச் சொல்லும் சேர்ந்து 'கப்சாய்' ஆயிற்று. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்பீல்டு இந்தியாவின் புல்லட்டும் டிரம்மையே நம்பி நெடுநாள் ஓடியது. 1969-இல் ஹோண்டாவின் 750 வண்டி முன்சக்கரத்தில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் டிஸ்க்கைப் பெருவாரியாகக் கொணர்ந்தது, 1988-இல் பி.எம்.டபிள்யூ. கே100 வண்டியில், சக்கரம் இறுகிச் சறுக்காதபடி காக்கும் மின்னணு ஏற்பாடும் வந்தது. இவை உயிர்காப்பன என்பதில் ஐயமில்லை. ஆயினும் வீட்டு வாசலில் நான்கு ஸ்பேனர்களோடு அமர்ந்து முழுதும் புரிந்துகொள்ளத்தக்க கருவி டிரம் ஒன்றே என்போம்.

பட்டை 2 மி.மீ. அளவிற்குத் தேய்ந்தால் மாற்றுதல் பொது வழக்கு. இரு ஷூக்களையும் சேர்த்தே மாற்றுக. கேமிற்கும் முளைக்கும் கொழுப்பை மிகச் சிறிதே தடவுக. பட்டையில் எண்ணெய்ப் பிசுக்குப் பட்டால் அது பயனற்றது. முன்தட்டின் பள்ளம் போர்க்கின் முட்டில் சரியாகப் பொருந்தியதா என்று காண்க. பின்தட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டையின் போல்ட்டும் அதன் பிளவாணியும் இல்லாது வண்டியை நகர்த்தவும் கூடாது. அவை கழன்றால் தட்டே சக்கரத்தோடு சுழன்று வண்டியைக் கவிழ்த்துவிடும். ஆக்சில் நட்டை இறுக்குமுன் பெடலை அழுத்திப் பிடிக்க, ஷூக்கள் டிரம்மின் நடுவே தாமே அமரும். அப்படியே பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குக. பிறகு பெடல் 20 முதல் 30 மி.மீ. வரை வெறிதே இறங்கும்படி திருகைச் சரிசெய்து, சக்கரத்தைக் கையால் சுழற்றி, உராயும் ஓசை உண்டா என்று கேட்க. முதற்சோதனை சமநிலத்தில், மெதுவாக நடக்கட்டும். சரிவிற்குப் பின்னர்ப் போகலாம்.