சாகக் கிடந்தவர் சிரித்தார், பார்க்க வந்தவர் நடுங்கினார்

1776 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். சர்ச்சுக்குப் போக நேரமாகிவிட்டதால் ஜேம்ஸ் பாஸ்வெல் என்ற 35 வயது வக்கீல் தத்துவஞானி டேவிட் ஹ்யூமின் வீட்டுக்குப் போனார். ஹ்யூமின் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன.

சாவை நினைத்தாலே பாஸ்வெல்லுக்கு உதறும். மறுமையைச் சந்தேகித்தே பேர் வாங்கிய ஹ்யூம் கடைசி நேரத்திலாவது மனம் மாறுவாரா என்று பார்க்கத்தான் அவர் போனார். (நோயாளியை நலம் விசாரிக்கிற லட்சணத்தைப் பாருங்கள்!)

வயிற்று நோயால் ஹ்யூம் இளைத்துத் துரும்பாகியிருந்தார். ஆனால் முகத்தில் கவலை இல்லை; சாய்ந்து உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். அந்த ஏப்ரலிலேயே தன் வாழ்க்கைக் கதையைச் சில பக்கங்களில் எழுதி, அதில் தன்னைப் பற்றி இறந்தகாலத்தில் பேசியவர் அவர்.

செத்த பிறகு வாழ்வு இருக்கலாம் இல்லையா என்று கேட்டார் பாஸ்வெல். நெருப்பில் போட்ட கரி எரியாமல் இருக்கவும் கூடும்தான் என்றார் ஹ்யூம். ஒன்றுமே இல்லாமல் போவது பயமாக இல்லையா? பிறப்பதற்கு முன் இல்லாமல் இருந்தது எப்படி உறுத்தவில்லையோ, இதுவும் அப்படித்தான் என்று பதில் வந்தது. பாஸ்வெல் கலங்கிப்போய் வெளியே வந்தார்.

நண்பர் ஆடம் ஸ்மித்திடம் ஹ்யூம் வேடிக்கையாகவே பேசினார். கிரேக்கப் புராணத்தில் இறந்தவர்களை ஆற்றைக் கடத்திவிடும் படகோட்டி ஒருவன் உண்டு (நம்மூர் வைதரணி மாதிரி). புத்தகத்தைத் திருத்த வேண்டும், மூடநம்பிக்கை ஒழிவதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அவனிடம் தவணை கேட்டால், இன்னும் பல நூறு வருடம் ஆகும், ஏறு படகில் என்று திட்டுவானாம்!

ஆகஸ்ட் 25-ல் ஹ்யூம் இறந்தார். வயது 65. அவர் அமைதியாகப் போனதை ஸ்மித் எழுதி வெளியிட்டதற்கு, பிரிட்டனின் வணிக முறையையே தாக்கிய தன் பெரிய புத்தகத்துக்குக் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு வசவு கிடைத்ததாகப் பின்னால் சொன்னார். பக்திமான்களை உறுத்தியது ஹ்யூமின் நாத்திகத்தைவிட அவருடைய நிம்மதிதான் போலிருக்கிறது.

அடுத்த வருடம் பாஸ்வெல் இதைத் தன் குரு சாமுவேல் ஜான்சனிடம் சொன்னார். ஹ்யூம் பொய் சொல்லியிருக்கிறார் என்று அடித்துச் சொன்னார் ஜான்சன். அவருக்கும் மரண பயம் அதிகம். 1784-ல் சாகக் கிடந்தபோது நீர் கோத்து வீங்கிய கால்களைத் தானே கீறிக்கொண்டார், இன்னும் கொஞ்ச நாள் கிடைக்காதா என்று.

பாஸ்வெல் மட்டும் ஹ்யூமை விடவேயில்லை. சவ ஊர்வலத்தை ஒரு சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தார். 1784 ஜனவரியில் ஒரு கனவு: ஹ்யூமின் நாட்குறிப்பு கையில் கிடைக்கிறது, அதில் அவர் உள்ளுக்குள் கடவுள் நம்பிக்கையோடு இருந்தது தெரிகிறது. விழித்த பிறகும் அது கனவுதான் என்று உறைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.