உறைந்துபோகும் கணனியும் ஓர் அந்துப்பூச்சியும்

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் செங்கலடியில் பகல் வேளையில் எழுத உட்காருவது எளிதான காரியமல்ல. அப்படியொரு பகலில்தான் எனது மடிக்கணனி முதன்முறையாக உறைந்துபோனது. திரையில் அம்புக்குறி நின்ற இடத்திலேயே நின்றது. விசைப்பலகைக்கு எந்தப் பதிலும் இல்லை. அரை நிமிடம் கழித்து, எதுவுமே நடவாதது போல அது மீண்டும் இயங்கத் தொடங்கியது. மறுநாள் இருமுறை அவ்வாறு நேர்ந்தது. அந்த வாரம் முடிவதற்குள், மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாலன்றி மீளாத நிலைக்கு அது வந்துவிட்டது.

2014 இல் வாங்கிய கணனி அது. தூக்கி எறிந்துவிட்டுப் புதியதொன்றை வாங்கலாமே என்று பலரும் சொன்னார்கள். எனது கவலை கணனியைப் பற்றியதல்ல. 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய சூறாவளி குறித்து எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் முதியவர்களிடம் கேட்டெழுதிய குறிப்புகளும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் முகாம்களில் மக்கள் கூறியவற்றின் பதிவுகளும் அதற்குள்ளேதான் இருந்தன. பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, ஒரு கணனியிலிருந்து அடுத்த கணனிக்கு என்று மாற்றி மாற்றிக் கொண்டுவந்தவை அவை. அவற்றில் அச்சேறியது காற்பங்கு கூட இராது. சொன்னவர்களிற் பலர் இன்று உயிருடன் இல்லை. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லையா என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. எடுத்து வைக்கவில்லை என்பதே வெட்கத்துக்குரிய பதில்.

திருத்துமிடம் ஒன்றுக்கு அதைக் கொண்டு சென்றேன். அங்கிருந்த இளைஞர் ஒரு நிமிடம் தட்டிப் பார்த்துவிட்டு, “சேர், விண்டோஸைப் புதுசாப் போட்டாச் சரியாயிரும்” என்றார். “உள்ள இருக்கிறதெல்லாம் என்ன தம்பி ஆகும்?” என்று கேட்டேன். “அதெல்லாம் அழிஞ்சிரும் சேர், பிரச்சினையில்லத்தானே?” என்றார். கணனியை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அவரைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. நோயை அறியுமுன் மருந்தைத் தீர்மானிப்பது மனித இயல்பு. கணனிகளின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அந்த இயல்போடு மனிதர் நடத்திய நீண்ட போராட்டம் ஒன்று அதனுள் மறைந்திருப்பதைக் காணலாம்.

அந்த வரலாற்றில் மிகவும் புகழ்பெற்ற நாள் 1947 செப்ரெம்பர் 9. அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில், கடற்படைக்காக உருவாக்கப்பட்ட மார்க் 2 என்னும் கணனி அன்று பிழையாக இயங்கியது. ரிலே எனப்படும் ஆயிரக்கணக்கான மின்காந்த ஆளிகளால் ஆன இயந்திரம் அது. பொறியியலாளர்கள் ஒவ்வொரு பகுதியாகத் தேடிச் சென்று, 70 ஆம் இலக்க ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டார்கள். அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி, உண்மையான பூச்சியொன்று அகப்பட்டது இதுவே முதற்தடவை என்ற கருத்தில் வேடிக்கையாக ஒரு வரியும் எழுதினார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க வரலாற்றுத் தேசிய அரும்பொருளகத்தில் பேணப்படுகின்றது.

கணனிப் பிழைக்குப் பூச்சி எனப் பொருள்படும் 'பக்' என்ற பெயர் இதிலிருந்துதான் வந்தது என்று பலரும் எழுதிவிட்டார்கள். அது சரியன்று. இயந்திரக் கோளாறைக் குறிக்க அச்சொல்லைத் தோமஸ் எடிசன் 1878 ஆம் ஆண்டிலேயே கடிதமொன்றிற் பயன்படுத்தியிருக்கிறார். சொல் ஏற்கெனவே வழக்கில் இருந்தமையாற்றான் பதிவேட்டில் எழுதப்பட்ட வேடிக்கை வேடிக்கையாயிற்று. அக்குழுவிற் பணியாற்றிய கிறேஸ் ஹொப்பர் பிற்காலத்தில் இக்கதையைப் பல மேடைகளிற் சொல்லிப் பிரபலமாக்கினார். கண்டுபிடித்தவர் அவரே என்ற நம்பிக்கையும் அவ்வாறு பரவிற்று. பிழையைத் தேடிய கதையிலேயே இரண்டு பிழைகள் குடியேறிவிட்டன!

என்னைப் பொறுத்தவரை அந்தப் பூச்சியை விட முக்கியமானது அது ஒட்டப்பட்டிருக்கும் பதிவேடுதான். எந்த நேரத்தில் என்ன சோதனை நடந்தது, எது தவறியது என்று அவர்கள் எழுதிக்கொண்டே வந்தார்கள். 1946 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட எனியாக் கணனியிலும் இதே பாடந்தான். ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த இயந்திரத்தில், குழாய்கள் பெரும்பாலும் மின்சாரத்தைப் போடும்போதும் அணைக்கும்போதுமே பழுதாகின்றன என்பது அனுபவத்திற் தெரியவந்தது. ஆகவே அதை இயன்றவரை அணைக்காமலே வைத்திருந்தார்கள்.

நானும் பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பியொன்றை எடுத்துக்கொண்டேன். உறைந்த நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, மீள எடுத்த நேரம் என்று மூன்று நிரல்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்பதையும் விதியாக வைத்துக்கொண்டேன்.

முதற் சந்தேகம் வெப்பத்தின் மேல். அளவு கடந்து சூடேறினால் கணனியின் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். அதற்கு மேலும் சூடேறினால் கணனி அணைந்துவிடும். அடிப்பகுதியைத் திறந்து, மின்விசிறியை மூடியிருந்த தூசியைத் தூரிகையால் அகற்றினேன். சூடு குறைந்தது, உறைதல் குறையவில்லை. அதிகாலை ஐந்து மணிக்கு, வாவிப் பக்கமிருந்து குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தபோதும் அது உறைந்தது. அந்த ஒரு பதிவோடு வெப்பம் விடுதலையாயிற்று.

இரண்டாவது சந்தேகம் நினைவகப் பற்றாக்குறை. இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1962 இல் மான்செஸ்டரில் தொடக்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணனி, சிறிய நினைவகத்தைப் பெரியதாகக் காட்டும் தந்திரத்தைக் கையாண்டது. உடனடியாகத் தேவையற்ற தகவல்களை மெதுவான சேமிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, வேண்டியபோது மீட்டெடுப்பதே அம்முறை. இன்றைய கணனிகளும் அதையே செய்கின்றன. சிறிய மேசையில் இருந்து கொண்டு அலுமாரியிலிருந்து நூல்களை மாற்றி மாற்றி எடுத்து வாசிப்பதைப் போன்றது அது. நூல்கள் மிகுந்துவிட்டால் எழுந்து நடப்பதிலேயே பொழுது போய்விடும், வாசிப்பு நடவாது. இந்நிலை ஏன் ஏற்படுகின்றது, எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை 1968 இல் பீற்றர் டெனிங் விளக்கி எழுதினார். டாஸ்க் மனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். எனது கணனியில் உறைதலுக்கு முந்திய கணம் வரை நினைவகத்தில் மூன்றிலொரு பங்கு வெறுமையாகவே இருந்தது. இந்தச் சந்தேகமும் நீங்கிற்று.

மூன்றாவது சந்தேகம் மென்பொருள்களுக்கிடையிலான முட்டுக்கட்டை. நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ரா 1960களில் இதை ஆராய்ந்து 'கொல்லும் தழுவல்' என்று பொருள்படப் பெயரிட்டார். ஒருவரிடம் உள்ளதை மற்றவர் கேட்க, மற்றவரிடம் உள்ளதை இவர் கேட்க, இருவருமே விட்டுக்கொடாது நிற்கும் நிலை அது. மட்டக்களப்பாருக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1924 இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தின் ஒற்றை வழியில் இரு முனைகளிலிருந்தும் வாகனங்கள் ஒரே நேரத்தில் ஏறிவிட்டால் என்னவாகும் என்பதை, 2013 இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை நாம் அறிந்திருந்தோம். ஆனால் அத்தகைய முட்டுக்கட்டை, யாரேனும் ஒருவர் பின்வாங்கும் வரை தீராது. எனது கணனியோ பெரும்பாலும் தானாகவே மீண்டது. எதற்காகவோ அது காத்திருந்தது. காத்திருந்தது சில வேளைகளில் கிடைத்தது.

எதற்காக? பத்தாம் நாள் கொப்பியைக் கூட்டிப் பார்த்தேன். 14 முறை உறைந்திருந்தது. அவற்றில் 11 முறை பழைய குறிப்புகள் இருந்த கோப்புறையைத் திறந்த வேளைகள். ஏனைய மூன்றும் வைரசுத் தடுப்பு மென்பொருள் வன்தட்டு முழுவதையும் துழாவிய வேளைகள்.

சுழலும் தட்டுகளில் தகவலைச் சேமிக்கும் வன்தட்டு 1956 இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் கணனியோடு பிறந்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளில் 50 இலட்சம் எழுத்துகளை அது கொண்டிருந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் ஒரு சிறு கூறு வாசிக்க இயலாமற் போனால் அது உடனே கைவிரிப்பதில்லை. திரும்பத் திரும்ப முயலும். அந்த முயற்சி முடியும் வரை கணனி முழுவதும் காத்து நிற்கும். நாம் அதை உறைதல் என்கிறோம். வன்தட்டுகள் தமது உடல்நிலையைத் தாமே குறித்து வைக்கும் ஸ்மார்ட் என்ற ஏற்பாடு 1990களில் வந்தது. அதைக் காட்டும் இலவச மென்பொருளொன்றை நிறுவிப் பார்த்தேன். வாசிக்க இயலாது காத்திருக்கும் கூறுகள் என்ற வரி மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது. விண்டோஸின் ஈவென்ட் வியூவர் குறிப்பேட்டிலும், வன்தட்டிற் பழுதான பகுதி உள்ளதென்று பல வாரங்களாகவே பதிவாகியிருந்தது. நான்தான் வாசிக்கவில்லை.

இவ்விடத்தில் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நினைவுக்கு வருகின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் மோதியதே காரணம் என்று அமைச்சர் அறிவித்தார். உலகம் சிரித்தது. ஆனால் ஒரு குரங்கால் ஒரு நாடு எப்படி இருளக்கூடும் என்பதல்லவா கேள்வி? விடுமுறை நாளின் குறைந்த மின்தேவையும், அந்நேரத்திற் கூடியிருந்த சூரிய மின்சாரத்தின் பங்கும் கட்டமைப்பைத் தளம்பக்கூடிய நிலையில் வைத்திருந்தன என்ற விளக்கம் பின்னரே வந்தது. அகப்பட்ட முதற் குற்றவாளியோடு விசாரணையை முடித்துக்கொள்வது பத்திரிகையாளருக்கும் பொறியியலாளருக்கும் பொதுவான சோதனை. ஆகவே எனது வன்தட்டு ஏன் பழுதானது என்பதற்கு நான் தீர்ப்புக் கூறமாட்டேன். வயது காரணமாயிருக்கலாம். 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்ட மின்வெட்டுக் காலத்தில், மின்கலம் செத்துப்போன இக்கணனி பலமுறை திடீரென நின்றதும் காரணமாயிருக்கலாம்.

பழுதைத் திருத்துமுன் பிரதியெடுக்க வேண்டும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். நலிந்த வன்தட்டில் பழுதுநீக்கும் கட்டளைகளை ஓடவிடுவது, மூச்சுத் திணறுபவரை ஓடச் சொல்வதற்கு ஒப்பானது. முதலில் மிக முக்கியமான கோப்புகள், பின்னர் ஏனையவை என்று வெளித்தட்டொன்றுக்கு மாற்றினேன். இரண்டு இரவுகள் எடுத்தன. ஏறத்தாழ எல்லாமே வந்து சேர்ந்தன. மூன்று கோப்புகள் மட்டும் கடைசி வரை வாசிக்கப்படவேயில்லை. அவற்றில் ஒன்று, சூறாவளி இரவைத் தென்னையொன்றைக் கட்டிப்பிடித்துக் கழித்த படுவான்கரை மீனவர் ஒருவரின் கூற்று. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அவருடைய குரல் என் காதில் இருக்கின்றது, சொற்கள் இல்லை. மனதில் நிற்பதை எழுதி வைத்திருக்கிறேன். அது எனது கூற்றேயன்றி அவருடையதல்ல.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைத் தாங்கிய சமூகம் நாம். ஆவணங்களை அழிக்க நெருப்புத்தான் வரவேண்டும் என்பதில்லை. கவனிக்கப்படாத அரை நிமிட உறைதலும் போதும். உங்கள் கணனி உறைந்தால், அதை ஏசுவதற்கு முன் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிப்பதற்கும் முன் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.